முப்பது கிலோவுக்கு நாற்பது போத்தல்: ஒரு நல்லெண்ணெய்க் கணக்கு

வரவும் செலவும் ஒத்துப்போகிற கணக்கை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. இந்த மாதர் சங்கத்தின் நல்லெண்ணெய்க் கணக்கும் பல வருடமாக அப்படித்தான் ஒத்துப்போய்க்கொண்டிருந்தது. பொருளாளர் மாறினார், எண்ணெய் கூடிவிட்டது. குறைந்திருந்தால் களவு என்று ஒரே சொல்லில் முடித்திருப்பார்கள். கூடினால் என்ன சொல்வது?

சங்கம் இருப்பது மாங்குளத்துக்கும் ஒட்டுசுட்டானுக்கும் இடைப்பட்ட ஒரு கிராமத்தில். பெரும்போக நெல் வெட்டியபின், சிறுபோகத்துக்குக் குளத்துத் தண்ணீர் எட்டாத காணிகளில் எள்ளு போடுகிற வழக்கம் வன்னியில் பழையது. அங்கத்தவர்கள் எள்ளை ஆலைக்கு விற்பார்கள். சங்கம் அதே ஆலையில் எண்ணெய் வாங்கிப் போத்தலில் அடைத்து விற்கும். பிள்ளை பெற்ற வீடு, பெரியபிள்ளையான பிள்ளை இருக்கிற வீடு, தலைக்கு வைத்து முழுகுகிறவர்கள் என்று வருடம் முழுக்க ஆட்கள் வருவார்கள். புரட்டாதிச் சனிகளில் எள்ளெண்ணெய் எரிக்க வருகிறவர்களுக்குக் கொடுத்து முடியாது.

வாங்குவது கிலோவில், விற்பது போத்தலில். போத்தல் என்றால் 750 மில்லிலீற்றர் பிடிக்கும் சாராயப் போத்தல், கழுவி வெயிலில் காயவைத்தது. மாதர் சங்கத்தில் சாராயப் போத்தலா என்று கேட்க வேண்டாம், அதைவிட மலிவாக நல்ல கண்ணாடி இங்கே கிடைக்காது. ஒவ்வொரு தடவையும் இரண்டு கானில் 30 கிலோ வரும், 40 போத்தல் அடைபடும். புத்தகத்தின் முதல் பக்கத்திலேயே யாரோ எழுதி வைத்திருந்தார்கள்: மூன்று கிலோவுக்கு நாலு போத்தல். அந்த வாய்ப்பாட்டில் இருந்து கணக்கு ஒரு தடவைகூட விலகவில்லை.

புதுப் பொருளாளர் வவுனியாவில் ஒரு பலசரக்குக் கடையில் வேலை செய்துவிட்டு ஊர் திரும்பிய பிள்ளை. முதல் தடவை தானே ஆலைக்குப் போய் 30 கிலோ கொண்டுவந்து அடைத்தபோது 43 போத்தல் நிரம்பி, இன்னொன்றில் அரைவாசிக்குச் சற்றுக் குறைய மிச்சமும் நின்றது. உள்ளதை உள்ளபடி புத்தகத்தில் எழுதினாள் என்று சொல்ல வேண்டியதில்லை, எழுதியதால்தான் பிரச்சினையே வந்தது.

"ஏன் பிள்ளை, முந்தி நாப்பதுதானே வாறது, உனக்கு மட்டும் எப்பிடி நாப்பத்திமூண்டு?"

"எனக்குத் தெரியாது மாமி. கான் முடியுமட்டும் ஊத்தினனான்."

கூட்டத்தில் கேட்ட கேள்வி அவ்வளவுதான். ஆனால் கூட்டம் கலைந்த பிறகு ஊர் இரண்டு கதை கதைத்தது. ஒன்று, இவள் மலிவான பாமெண்ணெய் வாங்கிக் கலந்துவிட்டாள் என்பது. மற்றது இதைவிடக் கொடுமை: அப்படியென்றால் இவ்வளவு காலமும் அந்த மூன்று போத்தலும் யார் வீட்டுக்குப் போனது? பழைய பொருளாளர் அறுபதைத் தாண்டியவர், ஊர் முழுக்க அவரை அக்கா என்றுதான் கூப்பிடும். அவர் சங்கத்துப் பக்கம் வருவதை நிறுத்திவிட்டார். ஒரே கணக்கில் இரண்டு பெண்கள் மீது சந்தேகம், அதுவும் ஒருவர் குற்றவாளி என்றால்தான் மற்றவர் தப்பலாம் என்கிற மாதிரி. அந்த நிலையில்தான் புத்தகம் என் கைக்கு வந்தது. சின்னச் சங்கங்களின் கணக்குகளைப் பார்த்துக் கொடுக்கிற வேலை என்னுடையது.

கூட்டம் ஒரு வகையில் நிலைமையை இன்னும் மோசமாக்கியிருந்தது. ஒரு அங்கத்தவரின் மகன் கைத்தொலைபேசியில் தேடி, எண்ணெயின் அடர்த்தி 0.91, அதாவது லீற்றருக்கு 0.91 கிலோ என்று கண்டுபிடித்திருக்கிறான். அதுவரை சரி. பிறகு 30ஐ 0.91ஆல் பெருக்கி 27.3 லீற்றர் என்றான், அதாவது 36 போத்தல். அப்போ கூடியது மூன்று இல்லை, ஏழு! நிறையிலிருந்து லீற்றருக்குப் போகும்போது அடர்த்தியால் பிரிக்க வேண்டும், லீற்றரிலிருந்து நிறைக்கு வரும்போதுதான் பெருக்க வேண்டும். இதில் தடுமாறாதவர்கள் குறைவு. நான் எல்லோருக்கும் சொல்வது ஒன்றுதான்: எண்ணெய் தண்ணீரில் மிதக்கும், ஆகவே கிலோவை விட லீற்றரின் எண்ணிக்கை எப்போதும் பெரிதாக வர வேண்டும். 30 கிலோவுக்கு 27 லீற்றர் என்று விடை வந்தால், மேலே பார்க்காமலே பிழை என்று சொல்லிவிடலாம்.

மூன்று கிலோவுக்கு நாலு போத்தல் என்பது உண்மையில் தண்ணீருக்கான வாய்ப்பாடு. மூன்று லீற்றர் என்றால் 750 மில்லிலீற்றரில் சரியாக நாலு போத்தல். தண்ணீர் என்றால் மூன்று லீற்றரும் மூன்று கிலோவும் ஏறக்குறைய ஒன்றுதான். எண்ணெய்க்கு அது பொருந்தாது. உலக உணவு நியமமான கோடெக்ஸ், நல்லெண்ணெயின் ஒப்படர்த்தியை (தண்ணீரோடு ஒப்பிட்ட அடர்த்தியை) 20 பாகை செல்சியஸில் 0.915 முதல் 0.924 வரை என்று வைத்திருக்கிறது. சூரியகாந்தி எண்ணெய்க்கு 0.918 முதல் 0.923, சோயாவுக்கு 0.919 முதல் 0.925. எல்லாமே 0.92 என்ற எண்ணைச் சுற்றித்தான் நிற்கின்றன. ஆனால் 20 பாகை வன்னியில் எங்கே இருக்கிறது? இங்கே நிழலிலேயே 30 பாகை. ஒவ்வொரு பாகைக்கும் லீற்றருக்கு 0.7 கிராம் அளவில் எண்ணெய் இலேசாகும். பத்துப் பாகைக்கு ஏழு கிராம் போக, நம் ஊர்ச் சூட்டில் ஒரு லீற்றர் நல்லெண்ணெயை 910 கிராம் என்று எடுப்பதுதான் பொருத்தம்.

910 என்பது கணக்குக்கும் வசதியான எண். 1 கிலோ எண்ணெய் 1.1 லீற்றர். 750 மில்லிலீற்றர்ப் போத்தலில் இருப்பது 683 கிராம். 15 கிலோக் கான் ஒன்றில் 16.5 லீற்றர், அதாவது 22 போத்தல். ஆகவே 30 கிலோவுக்கு வர வேண்டியது 44 போத்தல். புதுப் பிள்ளையின் 43உம் சொச்சமும் அதற்குப் பக்கத்தில்தான் நிற்கிறது. கூடவே இல்லை, அரைப் போத்தல் குறைகிறது!

இதைக் கடதாசியில் எழுதிக் காட்டினால் சங்கத்தில் ஒருவரும் ஏற்றுக்கொள்ள மாட்டார்கள் என்று எனக்குத் தெரியும். கடதாசிக் கணக்கு ஒத்துவந்தால் போதும் என்று இருந்ததால்தானே இந்த நிலை. அடுத்த 30 கிலோவை எல்லோர் முன்னாலும் அடைப்பது என்று முடிவாயிற்று.

சமையலுக்கு வைத்திருக்கிற, கிராம் வரை காட்டும் சின்ன இலத்திரனியல் தராசு ஒன்று கிடைத்தது. அது சொல்வது சரியா என்று பார்க்க, கூட்டுறவுச் சங்கக்கடையிலிருந்து முத்திரை குத்திய படிக்கல்லை வாங்கி வைத்துப் பார்த்தோம். ஒன்றிரண்டு கிராம்தான் வித்தியாசம். அடுத்தது போத்தல். வெறும் போத்தலை வைத்துத் தராசைப் பூச்சியமாக்கி, தண்ணீர் ஊற்றி, 747 கிராம் வந்ததும் நிறுத்தி, தண்ணீர் மட்டத்தில் நகப்பூச்சால் ஒரு கோடு கீறினாள் பிள்ளை. ஏன் 747, 750 இல்லையா என்று மாமி கேட்டார். தண்ணீரும் 30 பாகையில் கொஞ்சம் விரிந்துதான் இருக்கும், லீற்றருக்கு 996 கிராம் அளவுதான் வரும். இவ்வளவு நுணுக்கம் தேவையா என்றால், மூன்று கிராமுக்காக யாரும் சண்டை பிடிக்கப் போவதில்லை. ஆனால் சண்டை நடந்த இடத்தில் அளக்கும்போது ஒரு கேள்வியும் மிச்சம் வைக்கக் கூடாது. கோடு போட்ட போத்தல் மாதிரிக்கு மட்டும். ஈரம் பட்ட போத்தலில் எண்ணெய் ஊற்றினால் கெட்டுவிடும்.

பிறகு ஊற்றத் தொடங்கினாள். ஒவ்வொரு வெறும் போத்தலையும் முதலில் வைத்துப் பூச்சியமாக்க வேண்டியிருந்தது, ஏனென்றால் ஒரே அச்சில் வந்ததுபோலத் தெரியும் போத்தல்கள் ஒன்றுக்கொன்று இருபது முப்பது கிராம் வித்தியாசமாக நின்றன. கானின் அடி நெருங்கியபோது எண்ணெய் கலங்கி வந்தது. ஆலையில் ஆட்டி அதிக நாள் தெளியவிடாத நல்லெண்ணெயில் மண்டி இருக்கும், அதைப் போத்தலில் விட முடியாது. இரண்டு கானிலும் மிஞ்சிய மண்டியையும் அதோடு நின்ற எண்ணெயையும் ஒரு கிண்ணத்தில் வடித்து அதையும் நிறுத்தோம்.

இந்தத் தடவையும் 43 போத்தல். சராசரி 683 கிராம், மொத்தம் 29.37 கிலோ. நிரம்பாத போத்தலில் 300 கிராம். கிண்ணத்தில் 350 கிராம். கூட்டினால் 30.02 கிலோ. அந்த 20 கிராம் தராசின் விளையாட்டு.

நிறை எங்கேயும் போகாது, எங்கிருந்தும் வராது என்பதால்தான் இந்தக் கூட்டலுக்கு மதிப்பு. மூன்று போத்தல் வேற்றெண்ணெய் கலந்திருந்தால் இரண்டு கிலோவுக்கு மேல் கூடியிருக்க வேண்டும். கூடவில்லை. போத்தல் எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் எண்ணெய் பெருகின மாதிரித் தெரியும், நிறையைப் பார்த்தால் வந்தது 30, போனது 30.

ஒரு விஷயத்தை இங்கே பிரித்துச் சொல்ல வேண்டும். அன்று ஒருவர், போத்தலை நிறுத்தே கலப்படத்தைக் கண்டுபிடிக்கலாம்தானே என்றார். முடியாது. தண்ணீர் கலந்தால் நிறுக்கவே தேவையில்லை, ஒரு இரவு வைத்தால் அடியில் பிரிந்து நிற்கும். பாமெண்ணெய் கலந்தாலோ ஒரு போத்தலுக்கு இரண்டு மூன்று கிராம்தான் மாறும், அது வீட்டுத் தராசின் தடுமாற்றத்துக்குள் அடங்கிவிடும். நல்லெண்ணெய்க்கென்று ஆய்வுகூடத்தில் ஒரு நிறச் சோதனை இருக்கிறது. ஐதரோகுளோரிக் அமிலமும் பர்பியூரலும் சேர்த்துக் குலுக்கினால் இளஞ்சிவப்பாகும். அதுகூட நல்லெண்ணெய் இருக்கிறது என்பதைத்தான் சொல்லும், வேறெதுவும் இல்லை என்று சொல்லாது. பிள்ளையைக் காப்பாற்றியது அடர்த்தி இல்லை, முழு நிறையின் கூட்டல்தான்.

சரி, பிள்ளை தப்பினாள். அக்கா?

சங்கத்தில் அன்று இருந்த அமைதியைப் பார்த்தால், பலர் மனதில் விடை எழுதி முடித்துவிட்டார்கள் என்று தெரிந்தது. 43 வரும் என்றால் அந்த மூன்றும் எங்கே? எனக்கு அதில் உடன்பாடு இல்லை. களவு போகிற எண்ணெய் ஒவ்வொரு தடவையும் ஒரே அளவில் போகாது. கோவில் திருவிழா வந்தால் கொஞ்சம் கூட, கை நெருக்கடி இல்லாத மாதம் கொஞ்சம் குறைய என்று ஏறி இறங்கும். இங்கே வருடக்கணக்காக ஒரு போத்தல்கூட விலகாமல் நாற்பது. அப்படி நிற்க வேண்டும் என்றால் அது செய்முறையிலேயே இருக்கிறது. அக்காவை வீட்டுக்குப் போய்க் கூட்டிவந்து, முன்பு எப்படிச் செய்தீர்களோ அப்படியே செய்யுங்கள் என்று கேட்டோம். முதலில் மறுத்தார். பிள்ளைதான் போய்ச் சம்மதிக்க வைத்தாள்.

அவர் போத்தலை இடக்கையில் பிடித்து, கண்ணைக் கழுத்தில் வைத்துக்கொண்டு ஊற்றினார். எண்ணெய் தோளைத் தாண்டிக் கழுத்துக்குள் ஏறியது. நிறுத்துவார் என்று பார்த்தால் இன்னும் கொஞ்சம். புனலை எடுத்த பிறகு குவளையிலிருந்து மேலும் ஒரு வடிப்பு. "குறையுது எண்டு சனம் சொல்லப்படாது" என்றார். பிள்ளை கோடு போட்ட போத்தலைப் பக்கத்தில் வைத்தாள். கழுத்தில் இரண்டு விரல் உயரம் வித்தியாசம். தராசு 696 கிராம் காட்டியது, அதாவது 765 மில்லிலீற்றர். நாலைந்து போத்தலை நிரப்பச் சொன்னோம், எல்லாம் அதே அளவு. அந்தக் கைக்கு அப்படி ஒரு நிதானம். போத்தலுக்கு 15 மில்லிலீற்றர் கூடப் போனால் 40 போத்தலில் 600 மில்லிலீற்றர், கிட்டத்தட்ட ஒரு போத்தலை விலையில்லாமல் சனத்துக்கு ஊற்றியிருக்கிறார். ஆனால் அது ஒன்று மட்டும் போதாது. இன்னும் இரண்டு போத்தலுக்கு மேல் கணக்குக் காட்ட வேண்டும்.

மற்றத் துண்டு ஆலையில் கிடைத்தது. அக்காவிடம், எண்ணெய் நிறுக்கும்போது கானை என்ன செய்வார்கள் என்று கேட்டேன். "கானிலை ஊத்தித் தராசிலை ஏத்துவினம், பதினைஞ்சு வந்தா மூடிபோட்டுத் தருவினம்." கானோடு பதினைந்து! வெறுங்கானை மூடியுடன் நிறுத்தபோது 900 கிராம். இரண்டு கானுக்கு 1.8 கிலோ. புத்தகத்தில் 30 கிலோ என்று எழுதிய ஒவ்வொரு தடவையும் வந்த எண்ணெய் 28.2 கிலோதான். பிள்ளைக்கு மட்டும் ஏன் 30 வந்தது? பலசரக்குக் கடைப் பழக்கத்தில், கானைத் தராசில் வைத்ததும் பூச்சியம் அமத்தச் சொல்லியிருக்கிறாள். அதை ஒரு செய்தியாக அவள் யாரிடமும் சொல்லவில்லை, ஏனென்றால் வேறு மாதிரியும் நிறுப்பார்கள் என்று அவளுக்குத் தோன்றவேயில்லை.

இப்போது பழைய கணக்கை முழுதாக எழுதலாம். 28.2 கிலோவை 0.91ஆல் பிரித்தால் 31 லீற்றர். அதில் 40 போத்தலுக்கு, போத்தலுக்கு 765 வீதம், 30.6 லீற்றர். மிச்சம் 0.4 லீற்றர் மண்டியோடு போனது, பிள்ளையின் கிண்ணத்தில் நின்றதும் கிட்டத்தட்ட அதே அளவுதான். ஒரு சொட்டுக்கூடக் காணாமல் போகவில்லை.

இந்தக் கணக்கில் எனக்கு வியப்பாக இருந்தது இதுதான். கிலோவையும் லீற்றரையும் ஒன்றாக எடுத்ததால் நூற்றுக்குப் பத்து வீதம் எண்ணெய் கூட வந்திருக்க வேண்டும். கானின் நிறை அதில் ஆறு வீதத்தைத் தின்றது. கழுத்துவரை ஊற்றியது இரண்டு வீதம். மண்டி ஒரு வீதத்துக்குச் சற்று மேல். எல்லாம் சேர்ந்து ஒன்றையொன்று வெட்டி, மூன்று கிலோவுக்கு நாலு போத்தல் என்ற பிழையான வாய்ப்பாட்டைச் சரியானதாக்கிக் காட்டின. ஒன்று மட்டும் திருத்தப்பட்டிருந்தாலும் அன்றைக்கே கணக்கு உதைத்திருக்கும். அப்படித்தான் பிள்ளை கானைக் கழித்து, போத்தலையும் 750இல் நிறுத்தியபோது உதைத்தது.

அக்கா புத்தகத்தை வாங்கி அந்த எண்களை விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. பிறகு மாமியின் பக்கம் திரும்பி, "இப்ப விளங்குதோ?" என்று மட்டும் கேட்டார்.

அடுத்த தடவை ஆலைக்குப் பிள்ளையும் அக்காவும் சேர்ந்துதான் போனார்கள். ஆலைத் தராசில் எந்தப் பிழையும் இல்லை, முத்திரை குத்தியிருந்தது. இலங்கையில் 1995ஆம் ஆண்டின் 35ஆம் இலக்க அளவீட்டு அலகுகள், நியமங்கள், சேவைகள் சட்டத்தின் கீழ் வியாபாரத் தராசுகளுக்கு முத்திரை வேண்டும். முத்திரை தராசைத்தான் காக்கும், அதன்மேல் எதை ஏற்றி நிறுக்கிறோம் என்பதைக் காக்காது. ஆலைக்காரர் முதலில் பிடி கொடுக்கவில்லை. எல்லாருக்கும் கானோடுதான் நிறுக்கிறது, இப்போது மட்டும் என்ன புதுக்கதை என்றார்.

"அண்ணை, எங்கடை எள்ளு வாங்கேக்கை சாக்குக்குக் கழிக்கிறியள்தானே?"

"ஓம் தங்கச்சி, சாக்குக்கு ஆர் காசு குடுக்கிறது?"

"அப்ப கானுக்கு நாங்கள் ஏன் குடுக்கிறது?"

வன்னியில் நெல்லோ எள்ளோ விற்றவர்களுக்கு இந்தச் சாக்குக் கழிவு எவ்வளவு கசப்பான விஷயம் என்று தெரியும். அந்த ஆலையில் சாக்குக்கு ஒரு கிலோ கழிப்பார்கள், இன்றைய பிளாஸ்ரிக் சாக்கோ அதில் கால்வாசிகூட வராது. வாங்கும்போது சாக்கைக் கழித்து, விற்கும்போது கானைக் கழிக்காமல் விடுவது எந்த ஊர் நியாயம்? ஆலைக்காரர் சிரித்துவிட்டார். வேலைக்காரத் தம்பியைக் கூப்பிட்டு, இனிமேல் கானை வைத்துப் பூச்சியம் அமத்திப்போட்டு ஊத்து என்றார். ஒவ்வொரு கானிலும் அதன் வெறும் நிறையைப் பெயின்ரால் எழுதிவிட்டுத்தான் வந்தார்கள். போன வருடங்களின் 1.8 கிலோக்களைப் பற்றி யாரும் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும் என்பதுதான் என் எண்ணம். ஆனால் ஊருக்கு ஒரு ஆலை, அவர்களுடைய நிலைமை எனக்கும் தெரியும்.

பணத்தில் பார்த்தால் இப்படி. சுலபத்துக்காகக் கிலோ 1000 ரூபா என்று வைப்போம். பழைய முறையில் 30,000 ரூபாவுக்கு 40 போத்தல், ஒரு போத்தலின் அடக்கவிலை 750 ரூபா. இப்போது அதே பணத்துக்கு 43உம் சொச்சமும், அடக்கவிலை 691 ரூபா. போத்தலுக்கு 59 ரூபா மிச்சம். விலையைக் குறைப்பதா, சங்க நிதியில் போடுவதா என்று நீண்ட நேரம் இழுபட்டு, பாதி பாதி என்று முடிந்தது.

சூட்டைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும், அடுத்த சண்டை அங்கிருந்துதான் வரும். நிறை சூட்டுக்கு மாறாது, கனவளவு மாறும். மார்கழி, தை மாதத்து விடியற்காலையில் 22 பாகையில் இருக்கிற 30 கிலோ எண்ணெய், தகரக் கொட்டிலில் நடுப்பகல் 38 பாகையில் 350 மில்லிலீற்றருக்கு மேல் விரிந்திருக்கும். அது அரைப் போத்தல். ஆகவே பகலில் அடைத்தால் 44, காலையில் அடைத்தால் 43 என்று வந்தால் யாரையும் முறைத்துப் பார்க்க வேண்டாம். செக்கில் இருந்து சுடச்சுட வந்ததை அப்படியே போத்தலில் கோடுவரை விட்டால், ஆறியபின் மட்டம் இறங்கிவிடும். 60 பாகையில் விட்ட 750 மில்லிலீற்றர் 30 பாகையில் 735க்குக் கிட்டவாக நிற்கும்.

இது கிராமத்துப் பிரச்சினை மட்டும் இல்லை. இந்தியாவில் எண்ணெய்க் கம்பனிகள் பொதியில் லீற்றரோடு ஒரு வெப்பநிலையையும் அச்சடித்து வந்தன, சில 60 பாகை என்றுகூட. சூட்டைக் கூட்டி எழுதினால் குறைந்த நிறையையும் ஒரு லீற்றர் என்று சொல்லலாம் அல்லவா? ஒரு லீற்றர் சோயா எண்ணெய் 21 பாகையில் 919 கிராம், 60 பாகையில் 892.6 கிராம் என்று அந்நாட்டு நுகர்வோர் விவகாரத் திணைக்களமே கணக்குக் காட்டி, 2022 ஓகஸ்டில் வெப்பநிலையைப் போடாமல் கனவளவையும் நிறையையும் எழுதும்படி கம்பனிகளுக்குச் சொன்னது. 26 கிராம் சின்ன விஷயம்போலத் தெரியும். எத்தனை பொதி விற்கிறது என்று நினைத்துப் பார்த்தால் அப்படித் தெரியாது.

தேங்காய் எண்ணெய்க்கு இன்னொரு குணம் உண்டு. 24, 25 பாகையில் உறையத் தொடங்கிவிடும், வன்னியின் தைமாதக் காலையில் போத்தலுக்குள் வெள்ளையாக நிற்கும். உறைந்தால் சுருங்கும், உருக்கினால் திரும்ப ஏறும். அடர்த்தி நல்லெண்ணெயோடு ஏறக்குறைய ஒன்றாகத்தான் இருக்கும், ஆகவே 15 கிலோவுக்கு 22 போத்தல் என்ற கணக்கு அதற்கும் செல்லும். ஆனால் பாதி உறைந்த எண்ணெயை ஊற்றி அளக்க வெளிக்கிடக் கூடாது. ஒன்றில் உருக்கி ஆறவிட்டு ஊற்ற வேண்டும், அல்லது நிறுத்துக் கொடுக்க வேண்டும்.

இதே கணக்கு வீட்டுக்கும் வரும். பலகாரக் குறிப்பில் 100 கிராம் எண்ணெய் என்றிருந்தால் 110 மில்லிலீற்றர். 15 மில்லிலீற்றர் மேசைக்கரண்டி ஒன்று 14 கிராமுக்குக் கொஞ்சம் குறைய. நிவாரணப் பங்கீடுகளையும் வழமையாக ஆளுக்கு நாளுக்கு இத்தனை கிராம் என்றுதான் கணக்கிடுவார்கள், கையில் கிடைப்பதோ போத்தலிலோ டின்னிலோ. ஆளுக்கு 20 கிராம் என்றால் நாலு பேருக்கு ஒரு கிழமைக்கு 560 கிராம், ஊற்றிப் பார்த்தால் 615 மில்லிலீற்றர். முகாம் வாழ்க்கையில் வரிசையில் நின்று எண்ணெய் வாங்கியவர்களுக்கு இந்த 55 மில்லிலீற்றர் வெறும் எண் இல்லை.

சங்கத்தில் இப்போது புத்தகத்தின் முதல் பக்கத்தில் பழைய வாய்ப்பாட்டை வெட்டி, 15 கிலோவுக்கு 22 போத்தல், மண்டிக்கு அரைப் போத்தல்வரை கழிவு என்று எழுதியிருக்கிறார்கள். மண்டிக்குத் தனி நிரல். ஒவ்வொரு போத்தலிலும் 750 மில்லிலீற்றர், 683 கிராம் என்று துண்டு ஒட்டுகிறார்கள். ஆனால் வாடிக்கையாளர்கள் சும்மா இருக்கவில்லை. முந்தி வாய்மட்டும் இருந்தது, இப்போது கழுத்துக்குக் கீழே நிற்கிறது, சங்கமும் களவெடுக்கத் தொடங்கிவிட்டதோ என்று முதல் கிழமையே கேட்டார்கள். அக்கா வாசலில் தராசை வைத்து நிறுத்துக் காட்டிக்கொண்டிருந்தார். இப்போதும் சிலருக்கு ஒரு வடிப்புக் கூட விடுகிறார் என்று நினைக்கிறேன். மண்டிக் கழிவுக்குள் அது அடங்கும், நான் கேட்கவில்லை.

சொந்தப் போத்தல் கொண்டுவருகிறவர்கள்தான் மிஞ்சிய சிக்கல். பழைய வீடுகளில் கலன் (கேலன்) காலத்துப் போத்தல்கள் இன்னும் இருக்கின்றன. ஒரு கலனுக்கு ஆறு போத்தல் என்ற பழைய அளவில் அது 757.7 மில்லிலீற்றர். வேறு சிலர் 700 பிடிக்கும் போத்தலைக் கொண்டுவந்து ஒரு போத்தல் என்பார்கள், இன்னும் சிலர் ஒரு லீற்றர்ச் சோடாப் போத்தலை நீட்டுவார்கள். அவர்களுக்குப் பிள்ளை கோட்டைப் பார்ப்பதில்லை. அவர்களுடைய போத்தலை அப்படியே தராசில் வைத்து, பூச்சியம் அமத்தி, ஊற்றுகிறாள். 683 வந்ததும் புனலை எடுத்துவிடுகிறாள்.